மயிற்பொறி முதல் ஜீனோ வரை

வேற்றுமொழி வழங்கும் நாட்டில் குடியேறி வாழும் தமிழர் தம் தாய்மொழியைப் பெரிதும் போற்றுகின்றனர். திருக்குறள் ஒப்பிக்கும் சிறுவர்க்குப் பரிசளிக்கிறோம். பொங்கல் விழாவில் பழம்பாடல் பாடச் செய்கிறோம். தமிழின் தொன்மை பற்றிய சொற்பொழிவுக்குக் கைதட்டுகிறோம். ஆயினும் அச்சிறுவரே ராக்கெட்டைப் பற்றியோ மூளையைப் பற்றியோ கணிப்பொறியைப் பற்றியோ அறிய விரும்பினால் ஆங்கில நூலையே நாடுகின்றனர். நாமும் அதனை இயல்பென்றே கொள்கிறோம். தமிழ் பாட்டியின் மொழி, ஆங்கிலம் பேரனின் மொழி என்றொரு பாகப்பிரிவினை நம் இல்லங்களில் ஓசையின்றி நடந்துவிட்டது. இப்பிரிவினை வரலாற்றுக்கு ஒத்ததுதானா என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்மையில் விஞ்ஞானப் புனைகதை, மாயக்கதை, அறிவு நூல் என மூவகையிலும் சில தமிழ் நூல்களைத் தொடர்ந்து படித்தோம். அவற்றுட் சில புதியவை. சில, பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கையிலெடுத்தவை. படிக்கப் படிக்க ஓர் உண்மை தெளிவாயிற்று. இத்துறை நூல்களைத் தமிழுக்கு வழங்கியோருட் பலர் புலமையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், அஞ்சல்துறை அதிகாரி எனப் பகற்பொழுதில் வேறு பணி பார்த்தவர்கள். அவருள்ளும் குறிப்பிடத்தக்க சிலர் தமிழகத்துக்கு வெளியே இருந்து எழுதியவர்கள். நம்மைப் போன்ற குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

பழநூல்களிற் பொறிகள்

எந்திரத்தைக் கனவு காண்பது தமிழுக்குப் புதிதன்று. ஓட்டுபவன் இல்லாமலே செல்லும் வானவூர்தியைப் புறநானூறு குறிப்பிடுகிறது. மதுரைக் கோட்டை மதில்மேல் தாமே இயங்கும் போர்ப்பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசைப்படுத்துகிறது. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்படுத்தப் பகையரசன் அனுப்புவது ஓர் எந்திர யானை. அதன் வயிற்றுள் வீரர் ஒளிந்திருக்கின்றனர். இவற்றுக்கெல்லாம் சிகரமாக விளங்குவது சீவகசிந்தாமணியின் மயிற்பொறி. சச்சந்த மன்னன் கருவுற்றிருக்கும் தன் தேவி விசயையைப் பகைவனிடமிருந்து காக்க அப்பொறியைச் செய்விக்கிறான். ஒருபுறம் திருப்பினால் மேலெழும்; மறுபுறம் திருப்பினால் கீழிறங்கும். அரசி அதனைச் செலுத்தப் பழகிக்கொள்கிறாள்.

இவற்றைக் காட்டிப் பழந்தமிழர் விமானம் ஓட்டினர் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அம்முழக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. காவியத்தில் மயில் பறந்தது என்பது வானத்தில் மயில் பறந்ததற்குச் சான்றாகாது. அவ்வாறு வாதிடுவோர் திருத்தக்கதேவரின் உண்மையான பெருமையை மறைத்தே விடுகின்றனர். கதையில் அடுத்து நிகழ்வதை நோக்குக. கட்டியங்காரனின் வெற்றி முரசம் அரசியின் செவியில் விழுகிறது. கணவன் இறந்தான் என்பதை உணர்ந்து அவள் மயங்குகிறாள். செலுத்துவார் இன்றிப் பொறி சுடுகாட்டில் வந்து இறங்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான்.

பொறி பழுதுபடவில்லை, அதனைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. எந்திரம் எவ்வளவு நுட்பமானதாயினும் அதனை இயக்கும் மனித நெஞ்சம் துயருக்கு ஆட்பட்டது என்பதைக் கவி காட்டுகிறார். 1818-இல் மேரி ஷெல்லி எழுதிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' முதல் இக்கால விஞ்ஞானப் புனைகதை முழுவதும் இதே வினாவைத்தான் எழுப்பி வருகிறது: பொறி வந்தபின் மனிதன் என்னாவான்? இவ்வினாவைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்க் காவியம் கதையாக்கிக் காட்டியது என்பதே நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

அறிவு நூல்களின் தோற்றம்

கற்பனைக்குப் பழமை உண்டு. அறிவியலை உரைநடையில் விளக்கும் முயற்சியோ பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. அதன் முன்னோடிகளுள் ஒருவர் தமிழரே அல்லர். அமெரிக்க நாட்டு மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணப் பகுதிக்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், 1860-களில் ஆங்கிலத்தை விடுத்துத் தமிழிலேயே பாடம் நடத்தத் துணிந்தார். ஆங்கிலம் கற்றவர் சம்பளத்தை நாடி நகரங்களுக்குச் சென்றுவிடுவர், தமிழில் கற்றவர் தம் ஊரிலேயே தங்கி நோயாளரைக் காப்பர் என்பது அவர் கணிப்பு. மாணவர் துணையுடன் உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் நூல்களைத் தமிழில் வெளியிட்டார். வேதியியல் நூலுக்கு அவர் இட்ட பெயர் 'கெமிஸ்தம்'. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் விகுதி கொடுத்த அப்பெயர் நமக்குச் சற்று நகைப்பூட்டலாம். ஆனால் அந்நூலைப் படித்தவர்கள் மெய்யாகவே மருத்துவராயினர். சொல் பிறகு மாறிற்று. தமிழில் மருத்துவம் கற்பிக்கலாம் என்பது நிலைபெற்ற சான்றாயிற்று.

அடுத்த முயற்சி சேலத்தில் நிகழ்ந்தது. 1916-இல், அங்கு வழக்கறிஞராக இருந்த இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கம் அமைத்தனர். அதற்கு மறு ஆண்டே, சென்னையில் மற்றொரு வழக்கறிஞர் தம் முதல் அறிவியல் கட்டுரையை எழுதினார். அவர்தாம் பெ. நா. அப்புஸ்வாமி. 1891-இல் பிறந்து 1986-இல் மறைந்த அப்பெரியார் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இடையறாது அறிவியல் எழுதினார். மின்சாரம், வானொலி, அணு, ரயில் என அவர் தொடாத பொருள் குறைவு.

அப்புஸ்வாமியின் எழுத்தை இன்று படிக்கும்போது, அதிலுள்ள செய்திகள் பல காலத்தால் பின்தங்கியிருப்பதைக் காண்கிறோம். அது விஞ்ஞானத்தின் இயல்பு. ஆனால் அவர் வாக்கிய அமைதி பின்தங்கவில்லை. படித்தறியாத கட்சிக்காரருக்கு வழக்கின் நிலையை விளக்கும் நல்ல வழக்கறிஞரைப் போல, அறிந்ததிலிருந்து அறியாததற்குப் படிப்படியாக அழைத்துச் செல்கிறார். கடினமான சொல் வந்தால் அதனை உடனே ஓர் உவமையால் எளிதாக்குகிறார். தாம் கற்றவர் என்பதைக் காட்டிக்கொள்ள ஒரு வரியும் எழுதவில்லை. வளரும் எழுத்தாளர் அவரிடம் கற்க வேண்டியது மிகுதி.

தனியொருவர் ஆற்றிய இப்பணிக்குத் துணையாக நிறுவன முயற்சியும் வந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. பின்னர்க் குழந்தைகளுக்கென மேலும் பத்துத் தொகுதிகள் வந்தன. கன்னட நாட்டில் சிவராம காரந்தர் 1930-களிலேயே சிறுவர்க்காக 'பால பிரபஞ்ச' என்னும் அறிவுக் களஞ்சியத்தை மூன்று தொகுதிகளாக எழுதினார் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும். நம் அயலாரும் நாமும் ஒரே கவலையால் ஒரே வழியில் நடந்திருக்கிறோம்.

மாயக்கதையின் பணி

மாயக்கதை வெறும் பொழுதுபோக்கு என்பாருண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கதை சொல்லி, இறுதியில் ஒரு சிக்கலான வினாவைத் தொடுக்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிடில் தலை வெடிக்கும்; சொன்னால் வேதாளம் மீண்டும் மரமேறும். சிந்தித்துத்தான் ஆக வேண்டும் என்று கேட்போரைக் கட்டிப்போடும் இவ்வமைப்பைப் போல் சிறந்த பாடமுறை வேறில்லை. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா அவ்வேதாளத்தைத் திங்கள்தோறும் வீட்டுக்குக் கொணர்ந்தது. அதன் கன்னடப் பதிப்பும் வந்தமையால், பெங்களூரில் அடுத்தடுத்த வீட்டுச் சிறுவர் ஒரே படத்தை இருமொழிகளில் பார்த்து மகிழ இயன்றது.

பெரியோர்க்கான மாயக்கதைக்குப் புதுமைப்பித்தனே வழிகாட்டி. 1943-இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைத் தெருவில் வந்து நிற்கிறார். கந்தசாமிப் பிள்ளையோ அவரைத் தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராக்குகிறார். வரம் கொடுக்க வந்தவரால் இந்நகரத்தில் வாழ முடியவில்லை. மாயம் இருப்பது கடவுள் வந்ததில் அன்று. கடவுளே திணறும் இடத்தில் கந்தசாமிப் பிள்ளை நாள்தோறும் குடும்பம் நடத்துவதில்தான். குடிபெயர்ந்து வந்து பெருநகரில் வாடகையும் விலைவாசியும் பார்த்து வாழ்வோர்க்கு இக்கதை இரட்டிப்பாய்ச் சுவைக்கும்.

அண்மைக் காலத்தில் மாயக்கதையையும் அறிவியலையும் ஒரே நூலில் இணைத்தவர் ஆயிஷா இரா. நடராசன். அவரது 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' 2014-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. அவருக்கு அடைமொழியாகவே ஒட்டிக்கொண்ட 'ஆயிஷா' குறுநாவல், வகுப்பில் ஓயாது ஏன், எதனால் என்று கேட்கும் ஒரு மாணவியின் கதை. அவ்வினாக்களைப் பொறுக்காத வகுப்பறை என்ன செய்துவிடுகிறது என்பதைப் படித்து முடிப்போர் நெஞ்சு கனக்கும். பிள்ளைகளுக்கு முன் பெற்றோர் படிக்க வேண்டிய நூல் இது என்பது நம் கருத்து.

பெங்களூரில் எழுந்த குரல்

இனி நம் நகருக்கு வருவோம். 1909-இல் இந்திய விஞ்ஞானக் கழகம், 1940-இல் விமானத் தொழிற்சாலை, 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என ஒவ்வொன்றாக எழுந்தபோது, அவற்றுள் பணிபுரியத் தமிழர் பலர் இங்கு வந்து குடியேறினர். அவ்வாறு வந்த பொறியாளருள் ஒருவர் எஸ். ரங்கராஜன். தமிழுலகம் அவரைச் சுஜாதா என்று அறியும். 1935-இல் பிறந்த அவர், திருச்சியிலும் குரோம்பேட்டையிலும் பயின்று, விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றி, 1970-ஐ ஒட்டிப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். இருபது ஆண்டுக்கு மேல் இந்நகரில் வாழ்ந்தார். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கும் பணியில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. பகலில் அப்பணி, எஞ்சிய நேரத்தில் தமிழ்.

ஆனந்த விகடனில் 1980-களில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' நாவலை மீண்டும் படித்தோம். 2020-களின் தொடக்கத்தில் நடப்பதாக அவர் கற்பித்த கதை அது. நாடு ஜீவா என்னும் தலைவனின் ஆட்சியில் இருக்கிறது. மக்களுக்கு ஈரெழுத்து, மூவெழுத்துப் பெயர்களே உண்டு. பிள்ளை பெறவும் அரசாணை வேண்டும். கணவனைத் தேடும் நிலா என்னும் எளிய பெண்ணுக்குத் துணையாய் நிற்பது ஜீனோ என்னும் ரோபோ நாய். அது புத்தகம் படிக்கிறது. படித்துப் படித்துத் தானே சிந்திக்கத் தொடங்குகிறது. நாடே அஞ்சும் ஜீவாவோ உண்மையில் ஒளியால் அமைந்த வெறும் பிம்பம் என்பது பின்னர் வெளிப்படுகிறது.

கதை குறித்த காலத்தை நாம் கடந்துவிட்டோம். ரோபோ நாய் வீட்டுக்கு வீடு வரவில்லை. ஆனால் திரையில் தோன்றும் முகமும் குரலும் மெய்யா பொய்யா என்று அறியாது திகைக்கும் காலம் வந்தே விட்டது. சுஜாதா சோதிடம் சொல்லவில்லை. மக்கள் சிந்திப்பதை நிறுத்தி, எந்திரம் சிந்திக்கத் தொடங்கினால் யாது நேரும் என்று வினவினார். மயிற்பொறியின் வினா இங்கே தலைகீழாய் நிற்கிறது: அங்கே மனித நெஞ்சம் தளரப் பொறி வீழ்ந்தது; இங்கே மனிதர் தளர்ந்திருக்கப் பொறி எழுந்து நிற்கிறது.

குறைகளையும் கூறுதல் நேர்மை. வாரத்தொடருக்காக எழுதியமையால் திருப்பங்கள் மிகுந்து, சில இடங்களில் காரணகாரியம் தளர்கிறது. முடிவுகள் அவசரத்தில் அமைகின்றன. ஆங்கிலச் சொற்களை அவர் தாராளமாகக் கலந்தார் என்று தமிழன்பர் வருந்தியதும் உண்டு. அவ்வருத்தத்தில் நியாயம் உண்டெனினும், அக்கால இளைஞர் ஆயிரமாயிரவர் கணிப்பொறி என்றால் என்ன என்பதைத் தமிழில் முதன்முதல் அறிந்தது அவர் வாயிலாகவே. 'சிலிக்கன் சில்லுப் புரட்சி', மூளையைப் பற்றிய 'தலைமைச் செயலகம்', ஜூனியர் விகடனில் வாசகர் வினாக்களுக்கு விடையளித்த 'ஏன்? எதற்கு? எப்படி?' ஆகியவை கதையல்லாத நூல்கள், கதையினும் விறுவிறுப்பானவை. அறிவியலை மக்களிடம் கொண்டு சென்றமைக்காக 1993-இல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை அவருக்கு விருதளித்தது. 2008-இல் அவர் மறைந்தார்.

சுஜாதா இங்கிருந்து தமிழில் எழுதிய காலத்தில், சென்னையில் ஒரு கன்னடர் இதற்கு இணையான பணியைச் செய்துகொண்டிருந்தார். மாநிலக் கல்லூரியில் நெடுங்காலம் தாவரவியல் பேராசிரியராக இருந்த பி. ஜி. எல். சுவாமி அவர். டி. வி. குண்டப்பாவின் திருமகனாகிய அவர், மாணவரோடு மலைக்காடுகளில் செடி தேடி அலைந்த அனுபவங்களை 'ஹசுரு ஹொன்னு' என்னும் பெயரில் கன்னடத்தில் எழுதினார். பச்சைப் பொன் என்பது அதன் பொருள். 1978-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2009 ஆகஸ்டில் திருவள்ளுவர் சிலை அல்சூரிலும், சர்வக்ஞர் சிலை சென்னையிலும் திறக்கப்பட்டதை நாம் மகிழ்ந்து கொண்டாடினோம். அதற்குப் பல்லாண்டு முன்பே இவ்விரு அறிஞரும், அயலார் ஊரில் வாழ்ந்து தம் மொழிக்கு அறிவியல் செய்து, ஓசையில்லாத ஒரு பரிமாற்றத்தை நடத்தியிருந்தனர்.

நம் நகரைத் தம் இருப்பிடமாகக் கொண்ட மற்றொருவர் சு. தியடோர் பாஸ்கரன். இந்திய அஞ்சல் பணியில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற அவர், திரைப்பட வரலாற்றிலும் சுற்றுச்சூழல் எழுத்திலும் ஒருங்கே புகழ்பெற்றவர். 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக', 'தாமரை பூத்த தடாகம்' முதலிய அவர் நூல்கள் அலுவலக நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம்மைப் போன்றோரையும் காட்டுக்கும் நீர்நிலைக்கும் அழைத்துச் செல்வன. அவருடைய சொல்லாட்சி தனிக் கவனத்துக்குரியது. வனவிலங்கு என்றால் பறவையும் பூச்சியும் நினைவில் வருவதில்லை. அவர் ஆளும் 'காட்டுயிர்' என்ற சொல்லோ அனைத்தையும் தழுவி நிற்கிறது. சரியான சொல் கிடைத்தால் பார்வையே விரிவடையும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அயல்மண்ணும் அறிவெழுத்தும்

உலகில் பிறவிடத்தும் இவ்வரலாற்றுக்கு இணை உண்டு. ஐசக் அசிமோவ் மூன்று வயதுக் குழந்தையாக 1923-இல் ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா சென்றவர். தந்தையின் மிட்டாய்க்கடையில் விற்பனைக்கு வந்த இதழ்களைப் படித்தே விஞ்ஞானக் கதையில் ஈடுபட்டார். ரோபோக்களுக்கான மூன்று விதிகளை 1942-இல் ஒரு சிறுகதையில் வகுத்தார். ஆர்தர் கிளார்க் இங்கிலாந்திலிருந்து 1956-இல் இலங்கைக்குக் குடியேறி, இறுதிவரை அங்கேயே வாழ்ந்து எழுதினார். வங்கத்து ஜகதீச சந்திர போஸ் ஆய்வுக்கூடத்து வேலைக்கிடையே 1896-இல் தம் தாய்மொழியில் ஒரு விஞ்ஞானக் கதை எழுதினார்.

தமிழுக்கும் அயல்மண் அள்ளித் தந்திருக்கிறது. கணிப்பொறியில் தமிழ் எழுதும் 'முரசு' மென்பொருளை 1980-களில் மலேசியாவில் உருவாக்கியவர் முத்து நெடுமாறன். இன்று எல்லோரும் வழங்கும் 'இணையம்' என்ற சொல்லைத் தந்தவராகப் போற்றப்படுபவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. மானிப்பாய், பெங்களூர், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று எண்ணிப் பார்த்தால், தமிழ் நாளையை நோக்கி எடுத்துவைத்த அடிகள் பல தமிழகத்தின் எல்லைக்கு வெளியே பதிந்திருப்பது விளங்கும். எல்லைக்கு வெளியே வாழ்வோர்க்குப் புதிய பொறியும் புதிய சொல்லும் நாள்தோறும் எதிர்ப்படுகின்றன. அவற்றை வீட்டாருக்குத் தாய்மொழியில் விளக்க வேண்டிய தேவையும் அங்கேதான் மிகுதி.

நாம் செய்யத்தக்கது

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பாட்டிக்குத் தமிழ், பேரனுக்கு ஆங்கிலம் என்னும் பாகப்பிரிவினைக்கு வரலாற்றில் ஆதாரமில்லை. அதனை நாமே எழுதிக்கொண்டோம். நாமே திருத்தி எழுதலாம். பழம்பெருமை மட்டுமே பேசப்படும் மொழியைப் பிள்ளைகள் வணங்குவர்; ஆனால் வாசிக்க மாட்டார்கள். 'ஏன்' என்று கேட்டால் விடை தரும் மொழியைத்தான் கைவிடாது வைத்துக்கொள்வர்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். முதலாவது, ஒவ்வோர் இல்லத்திலும் பக்தி நூல்களுக்கும் தொடர்கதைகளுக்கும் அருகே அப்புஸ்வாமிக்கும் சுஜாதாவுக்கும் பாஸ்கரனுக்கும் நடராசனுக்கும் ஒரு சாண் இடம் ஒதுக்குவோம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்குப் பெற்றோர் இரவில் இரண்டு பக்கம் படித்துக் காட்டுவோம். ஜீனோவின் குறும்பு எஞ்சிய பக்கங்களுக்கு அதனைத் தானே இழுத்துச் செல்லும்.

இரண்டாவது, நம் சங்கத்தாருள் கடைசல் பட்டறையில் பணிபுரிவோர் உண்டு. மருத்துவமனைச் செவிலியர் உண்டு. ரயில்வே சிக்னல் பார்ப்போர், மென்பொருள் எழுதுவோர், ஆய்வுக்கூட உதவியாளர் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் தொழிலின் நுட்பத்தை, தம் வீட்டுப் பிள்ளைக்கு விளக்குவது போல, நான்கு பக்கம் தமிழில் எழுதட்டும். சரியான சொல் வாய்க்கவில்லை என்று தயங்க வேண்டா. 'கெமிஸ்தம்' என்று தொடங்கியதுதான் பின்னர் வேதியியல் ஆயிற்று. அடுத்த ஆண்டு மலரில் அத்தகைய கட்டுரைகள் பத்து இடம்பெறுமாயின், அம்மலரைப் பெரியோர் படித்து முடிக்கும்வரை பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள்.